எல்இடி பல்பு வருஷம் தாண்டாமல் ஏன் போகிறது? பழைய வீட்டில் ட்யூப்லைட், குண்டு பல்பு மாற்றுவது பற்றி

கேள்வி – 11 ஆகஸ்ட் 2024

கடலூர் பக்கம் வீடு, கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர். 1996இல் கட்டியது, மாடியோடு. த்ரீ பேஸ் சர்வீஸ். பழைய சோக் ட்யூப்லைட் எல்லாம் பத்து வருஷம் ஓடியது, ஸ்டார்ட்டர் மாற்றினால் போதும். எல்இடிக்கு மாறிய ஒன்றரை வருஷத்தில் ஏழு பல்பு போய்விட்டது. பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். எல்இடியே ஏமாற்றுதானா? மிச்சம் இருக்கும் நாலு ட்யூப்லைட்டை மாற்றாமல் விட்டுவிடலாமா?

11 ஆகஸ்ட், இரவு

ஏமாற்று இல்லை சார். அந்த 25,000 மணி நேரம் பெரும்பாலும் எல்இடி சில்லுக்கான கணக்கு. சில்லின் வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 70 சதவீதத்துக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத்தான் அப்படிப் போடுகிறார்கள். பல்புக்குள் சில்லுக்குப் பின்னால் ஒரு டிரைவர் போர்டு இருக்கிறது. 230 வோல்ட் ஏசியை சில்லு தாங்கும் டிசியாக மாற்றுவது அதுதான். வீட்டில் போகிற பல்பில் சில்லு தானாக மூப்படைந்து போனது அபூர்வம். டிரைவர் போயிருக்கும், இல்லை டிரைவரும் சூடும் சேர்ந்து சில்லைக் கொன்றிருக்கும்.

போன பல்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? வைத்திருந்தால் நல்லது. ஹோல்டரிலிருந்து கழற்றிப் பத்து நிமிஷம் வைத்துவிட்டு, வெள்ளை மூடியைத் திருகி எடுங்கள். சிலது பசை போட்டிருக்கும், கத்தி முனையால் சுற்றி நெம்ப வேண்டும். உள்ளே அலுமினியத் தட்டில் மஞ்சள் சில்லுகள் வட்டமாக இருக்கும். ஒன்றன் நடுவில் குண்டூசி முனை அளவு கருப்புப் புள்ளி தெரிந்தால் அந்தச் சில்லு அறுந்திருக்கிறது. சில்லுகள் பொதுவாக வரிசையாகக் கோர்த்தவை என்பதால் ஒன்று அறுந்தால் எல்லாம் அணையும். சூடு, அல்லது கரண்ட் அதிகம்.

புள்ளி இல்லையா, தட்டுக்குக் கீழே பாருங்கள். சின்ன உருளை கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் சூடும் வோல்டேஜும் சந்தேகம். நுழைவாயிலில் இருக்கும் ரெசிஸ்டரோ, நீல வட்ட வேரிஸ்டரோ (திடீரென ஏறும் வோல்டேஜைத் தடுக்கும் பாகம்) கருகிக் கிடந்தால் அது சர்ஜ், அதாவது திடீர் வோல்டேஜ் பாய்ச்சல்.

எந்தப் பல்பு எந்த ஹோல்டரில், எந்தத் தேதியில் போனது என்று எழுதுங்கள். அது தெரியாமல் ஊகம்தான்.

12 ஆகஸ்ட்

பட்டியல் வருவதற்குள் ஹோல்டர் பற்றி. இருபது வருஷம் 60 வாட் குண்டு பல்பு எரிந்த பின் ஹோல்டரில் உள்ளிருக்கும் இரண்டு ஊசிகளின் ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்திருக்கும். குண்டு பல்பு அதைப் பொருட்படுத்தாது. எல்இடி டிரைவருக்கு விட்டு விட்டு வரும் தொடுப்பு ஒவ்வொன்றும் ஓர் அடி. பல்பைக் கழற்றி அடியில் இருக்கும் இரண்டு ஈயப் பொட்டுகளைப் பாருங்கள். கருப்பாகவோ பள்ளமாகவோ இருந்தால், பல்பைத் தொட்டு லேசாக அசைத்தால் ‘சிர்ர்’ என்று சத்தம் வந்தால், ஹோல்டரை மாற்றாமல் புதுப் பல்பு போடுவது வீண். பேக்கலைட் ஹோல்டர் விலை ஒரு பல்பு விலையைவிடக் குறைவு.

14 ஆகஸ்ட்

பட்டியல் பார்த்தேன். போர்ட்டிகோ கண்ணாடி டூமில் மூன்று, பாத்ரூமில் ஒன்று, மாடிப்படியில் இரண்டு, மேல் பெட்ரூமில் ஒன்று. இதை இரண்டு வழக்காகப் பிரிக்க வேண்டும்.

போர்ட்டிகோ மூன்றும் சூடு. எல்இடி பல்பு குண்டு பல்பு மாதிரி சூட்டை வெளிச்சத்தோடு வெளியே வீசாது. சூடு பின்பக்கம், கழுத்து வழியாகத்தான் போக வேண்டும். மூடிய டூமுக்குள் காற்று நகராது, அந்தக் கழுத்தில்தான் டிரைவர் உட்கார்ந்திருக்கிறது. கெப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு பத்து டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய பாதியாகும். டூமில் 9 வாட்டுக்கு மேல் போடாதீர்கள், 5 அல்லது 7 போதும். டூமைக் கழற்றிவிட்டு எல்இடியோடு சேர்ந்தே வரும் சர்ஃபேஸ் பேனல் போட்டால் இன்னும் நல்லது. அதில் தட்டு முழுக்கச் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

மாடிப்படி, பெட்ரூம் பல்புகள் மூன்றும் ஒரே வாரத்தில் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் கவலை. மூன்று வேறு வேறு ஹோல்டர் ஒரே நேரத்தில் கெட்டுப்போகாது. மேல் தளம் முழுவதும் ஒரே பேஸில் இருக்கிறதா? இருந்தால் நியூட்ரல் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

14 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

நியூட்ரல் பற்றி விரிவாகச் சொல்லிவிடுகிறேன், இது பல்பு விஷயம் மட்டும் இல்லை.

த்ரீ பேஸ் சர்வீஸில் ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட். இரண்டு பேஸுக்கு நடுவில் 400. நியூட்ரல் அறுந்தாலோ தளர்ந்தாலோ வீட்டில் இருக்கும் சாமான்கள் இரண்டு பேஸுக்கு நடுவில் தொடராக மாட்டிக்கொள்ளும். எந்தப் பேஸில் லோடு குறைவோ அங்கே வோல்டேஜ் ஏறும், 300ஐத் தாண்டியும் போகும். மேலே ராத்திரி மூன்று எல்இடி மட்டும் எரிந்து, கீழே மோட்டாரும் ஃபிரிட்ஜும் ஓடினால் அடி வாங்குவது மேல் தளம்தான்.

அறிகுறி: மிக்ஸியோ மோட்டாரோ போட்டதும் ஒரு அறையில் விளக்கு மங்கி, அதே நொடியில் இன்னொரு அறையில் பிரகாசமாகும். மங்குவது மட்டும் என்றால் சாதாரண வோல்டேஜ் இறக்கம். ஒன்று மங்கி ஒன்று பிரகாசமானால் உடனே மெயினை இறக்குங்கள். ஃபிரிட்ஜ், டிவி எல்லாவற்றுக்கும் ஆபத்து. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் பதிந்தால் கம்பம் வரை மின்வாரியம் பார்க்கும். மீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கும் நியூட்ரல் லிங்க் (நியூட்ரல் வயர்கள் சேரும் பித்தளைக் கட்டை) நம் பொறுப்பு, லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துச் செய்ய வேண்டும்.

கடலோரத்தில் அலுமினிய சர்வீஸ் வயரும் பித்தளை லிங்க்கும் சேரும் இடத்தில் உப்புக்காற்றால் வெள்ளைப் பொடி பூக்கும். ஸ்க்ரூ இறுக்கமாகவே இருக்கும், உள்ளே தொடுப்பு இருக்காது. கண்ணால் பார்த்து ‘டைட்டாகத்தான் இருக்கு’ என்று விட்டுவிடக் கூடாது.

17 ஆகஸ்ட்

நாலு ட்யூப்லைட்டுக்கு வருகிறேன். மாற்றுங்கள். இரும்புச் சோக் போட்ட 36 வாட் ட்யூப் 36 வாட் மட்டும் இழுக்காது. சோக்கிலேயே பத்து, பதினைந்து வாட் சூடாகப் போகிறது, ஏறக்குறைய 50 வாட் என்று வையுங்கள். அதற்குப் பதில் 20 வாட் எல்இடி பட்டி (விளக்கும் சட்டமும் ஒன்றாகவே வருவது). ட்யூப் 2,450 லூமன் (வெளிச்சத்தின் அளவு) தரும், ஆனால் அதில் பாதி சுவரையும் மேல்தளத்தையும் பார்த்துப் போகும். பட்டி 2,000 லூமனைக் கீழ்நோக்கியே தரும். 10க்கு 12 அடி அறைக்கு, வெளிர் நிறச் சுவர் என்றால், ஒரு 20 வாட் பட்டி சரியாக இருக்கும். அடர்நிறப் பெயின்ட் என்றால் இன்னொரு 9 வாட் பல்பு தேவைப்படும்.

கணக்கு: ஒரு ட்யூப்புக்கு 30 வாட் மிச்சம், நாலுக்கு 120 வாட். தினம் 5 மணி நேரம், 60 நாள். 36 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாத பில்லில் 500 யூனிட் எல்லையை ஒட்டி இருக்கும் வீட்டுக்கு இந்த 36 பெரிய விஷயம். எல்லையைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழே 101 முதல் 200 வரை இருந்த சலுகை விலையும் போய்விடும்.

17 ஆகஸ்ட்

செய்முறை விட்டுப்போச்சு. பழைய பட்டியிலேயே எல்இடி ட்யூப் மாட்டுவதா, பட்டியையே மாற்றுவதா என்று எல்லோரும் கேட்பார்கள். பட்டியை மாற்றுங்கள். பழைய பட்டியில் போட்டால் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் எடுத்துவிட்டு வயரை மாற்றிக் கட்ட வேண்டும். சில எல்இடி ட்யூப் ஒரு முனையிலேயே பேஸும் நியூட்ரலும் கேட்கும், சிலது ஒரு முனையில் பேஸ், மறு முனையில் நியூட்ரல். மாற்றிக் கட்டினால் ஷார்ட். இரண்டாவது வகையில் ஒரு முனையை மாட்டிவிட்டு மறு முனையைக் கையில் பிடித்தால் அந்த ஊசியில் ஷாக் அடிக்கலாம். நாளைக்கு யாராவது அந்தப் பட்டியில் பழைய ட்யூப்பைக் கொண்டு மாட்டுவார்கள், அதுவும் வம்பு.

புதுப் பட்டிக்கு: சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, அந்த சர்க்யூட்டின் எம்சிபியை (டிரிப் ஆகும் சுவிட்ச்) இறக்குங்கள். பழைய பட்டியைக் கழற்றினால் சுவரிலிருந்து இரண்டு வயர் வரும். நுனி கருத்திருந்தால் நறுக்கிவிட்டு புதிதாக ஒரு சென்டிமீட்டர் சீவுங்கள். நாலடிப் பட்டிக்கு இரண்டு கிளிப், இரு முனையிலிருந்தும் முக்கால் அடி உள்ளே. கிளிப்பை அடித்துவிட்டுப் பட்டியை அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். வயரை முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம், டேப் இரண்டு கோடையில் பசை விட்டுவிடும். ஸ்க்ரூ கனெக்டர் போடுங்கள்.

18 ஆகஸ்ட்

நேற்றைய கணக்கில் ஒரு திருத்தம். சோக் இரும்பா எலெக்ட்ரானிக்கா என்று கேட்காமலே 50 வாட் என்று எழுதிவிட்டேன். பட்டியில் ஸ்டார்ட்டர் இருந்தால் இரும்புச் சோக், கணக்கு சரி. ஸ்டார்ட்டர் இல்லாமல் சுவிட்ச் போட்டதும் பளிச்சென்று எரிந்தால் எலெக்ட்ரானிக் சோக், மொத்தமே 36–38 வாட்தான் இழுக்கும். மிச்சம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அப்படிப்பட்ட பட்டியை அது போகும்வரை ஓட்டிவிட்டு மாற்றினாலும் நஷ்டமில்லை.

நம்பிக்கை இல்லாவிட்டால் மீட்டரிலேயே பார்க்கலாம். முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று எழுதியிருக்கும். 3200 என்று இருந்தால், வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நாலு ட்யூப்பை மட்டும் போடுங்கள். சிவப்பு விளக்கு 5.6 விநாடிக்கு ஒரு முறை சிமிட்டினால் 200 வாட். பட்டி மாற்றிய பிறகு 14 விநாடிக்கு ஒரு முறை, 80 வாட். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் அதற்கு ஏற்ப மாறும்.

18 ஆகஸ்ட்

இன்னொன்றும் தோன்றியது. 75 வாட் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் தினம் 14 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 63 யூனிட். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ளது) என்றால் 25. மிச்சம் 38 யூனிட், நாலு ட்யூப்பையும் மாற்றியதற்குச் சமம், ஒரே ஒரு ஃபேனில். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் அதிக நேரம் சுற்றும் ஃபேன்தான் முதல். பல்பு மலிவு என்பதால் நம் கண் அதிலேயே நிற்கிறது.

விலை இவ்வளவு இறங்கியதே பெரிய காரியம். மலிவு விலையில் எல்இடி கொடுத்த உஜாலா திட்டத்துக்காக அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கிய பல்பு 2014இல் 310 ரூபாய், 2016இல் 38 ரூபாய்.

25 ஆகஸ்ட்

அணைத்த பிறகும் லைட் மினுக்மினுக் என்று லேசாக எரிகிறது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். மூன்று காரணம். சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருக்கலாம், அதன் வழியாகக் கசியும் கரண்ட் எல்இடிக்குப் போதும். வயர்மேன் சுவிட்சை பேஸில் கட்டாமல் நியூட்ரலில் கட்டியிருக்கலாம். அல்லது பைப்புக்குள் நீளமாகப் பக்கத்தில் ஓடும் பேஸ் வயரிலிருந்து தூண்டப்பட்டு வரலாம். குண்டு பல்பு காலத்திலும் இது இருந்தது, இழை சிவக்க அந்தக் கரண்ட் பத்தாது என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை.

டெஸ்டர் வையுங்கள். சுவிட்ச் அணைத்திருக்கும்போது ஹோல்டரில் டெஸ்டர் எரிந்தால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது.

26 ஆகஸ்ட்

மேலே எழுதிய கடைசி வரியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், தப்பு. நியான் டெஸ்டர் தூண்டப்பட்ட வோல்டேஜுக்கும் எரியும். மல்டிமீட்டர் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு, சுவிட்சை அணைத்து, ஹோல்டரின் ஒவ்வொரு ஊசியையும் எர்த்தோடு அளங்கள். ஒன்றில் முழு 230 வந்தால் பேஸ் நேரடியாக வருகிறது, சுவிட்ச் நியூட்ரலில். ஒன்றில் பூஜ்யம், மற்றதில் 20 முதல் 90 வரை நிலையில்லாமல் ஆடினால் வயரிங் சரி, அது தூண்டல்.

நியூட்ரலில் சுவிட்ச் இருப்பது மினுக்கலைவிடப் பெரிய குற்றம். சுவிட்சை அணைத்துவிட்டுப் பல்பு மாற்றுகிறவர் கை பேஸில் படும். அன்றே மாற்றிக் கட்டுங்கள். தூண்டல்தான் என்றால் ஹோல்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபேரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகை (மெயின் கரண்டுக்குக் குறுக்கே போடத் தகுந்த) கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள். எக்ஸ்2 என்று அதன் உடம்பிலேயே அச்சிட்டிருக்கும். ஃபேன் கெப்பாசிட்டரையோ கையில் கிடைத்ததையோ போடாதீர்கள்.

8 செப்டம்பர்

வெளிச்சத்தின் நிறம். அதைக் கெல்வின் என்ற அளவில் போடுவார்கள். 6500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை, 4000 இயல்பான வெள்ளை, 3000க்குக் கீழே மஞ்சள். கடையில் கேட்காமல் எடுத்தால் 6500தான் கொடுப்பார்கள். சமையலறைக்கும் படிக்கும் மேஜைக்கும் 4000. பூஜையறைக்கும் படுக்கையறைக்கும் 2700–3000. ஒரே அறையில் இரண்டு நிறம் கலந்தால் கண் உறுத்தும்.

கெல்வினைவிட முக்கியம் சிஆர்ஐ, பொருள்களின் நிறத்தை வெளிச்சம் எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற எண். 80க்குக் குறைந்த பல்பின் கீழே மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரியும், மாதுளை முத்து பழுப்படிக்கும், ஏனென்றால் அந்த வெளிச்சத்தில் சிவப்பே குறைவு. பெட்டியில் சிஆர்ஐ போடாத பல்பைச் சமையலறைக்கு வாங்காதீர்கள். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘ஆர்’ எழுத்தோடு தொடங்கும், ஐஎஸ் 16102 என்ற தர எண்ணோடு வரும்.

8 செப்டம்பர்

மட்டமான டிரைவரைக் கண்டுபிடிக்க: செல்போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்து எரியும் பல்பைப் பாருங்கள். பல்பு படபடவென்று துடித்தாலோ கருப்புப் பட்டைகள் ஓடினாலோ விநாடிக்கு 100 முறை வெளிச்சம் ஏறி இறங்குகிறது. சுற்றும் ஃபேன் றெக்கை சில வேகத்தில் நின்றுவிட்டதுபோலவோ பின்னால் சுற்றுவதுபோலவோ தெரிவதும் இதனால்தான். தையல் மெஷின், மாவு கிரைண்டர், மரவேலை ரம்பம் இருக்கும் இடத்தில் அந்தப் பல்பு கூடவே கூடாது.

15 செப்டம்பர்

இன்வெர்ட்டர் வீடுகளுக்கு. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மலிவான எல்இடி ரீங்காரம் போடும், சீக்கிரம் போகும். கெப்பாசிட்டரை வைத்தே கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவருக்குச் சதுர அலையின் செங்குத்தான ஓரம் ஒவ்வொன்றும் ஒரு கரண்ட் குத்து. சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

20 அக்டோபர்

மழை தொடங்கிவிட்டதால் ஈசல் பற்றி. முதல் நல்ல மழைக்கு மறுநாள் சாயங்காலம் வாசல் லைட்டில் ஈசல் மொய்க்கும், 6500 கெல்வின் பல்பில் நீலம் அதிகம் என்பதால் இன்னும் கூட்டம் சேரும். வாசலுக்கு 2700 மஞ்சள் போட்டால் குறையும், அறவே நிற்காது. ஒரு மணி நேரம் வாசல் லைட்டை அணைத்து, தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினால் போதும். வெளி லைட்டுக்கு ஐபி65 (தூசியும் மழைத் தண்ணீரும் புகாத தரம்) என்று போட்டதை வாங்குங்கள். வயர் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும், வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்து ஏற்றினால் தண்ணீர் வயரோடு உள்ளே போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இடி மின்னல் காலத்தில் டிபி பாக்ஸில் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) எஸ்பிடி என்ற சர்ஜ் தடுப்புக் கருவி போடுவது நல்லதுதான். ஆனால் எர்த் சரியில்லாத வீட்டில் அது அலங்காரப் பொருள். முதலில் எர்த் பிட்டை அளக்கச் சொல்லுங்கள், 5 ஓமுக்குள் இருக்கட்டும்.

27 அக்டோபர்

கழற்றிய பழைய ட்யூப்பையும் சிஎஃப்எல்லையும் குப்பையில் போடாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். உடைந்தால் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, கால் மணி நேரம் அறையை விட்டு வெளியே இருங்கள். பிறகு துடைப்பம் போடாமல் அட்டையால் அள்ளி, பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள்.

3 நவம்பர்

கடலூர் சார் படம் அனுப்பியிருக்கிறார். மீட்டர் போர்டில் நியூட்ரல் லிங்க்கைக் கழற்றியபோது அலுமினிய வயர் நுனியில் வெள்ளைப் பொடி, பித்தளையில் பச்சை, ஒரு ஓரத்தில் உருகிய தடம். மேல் தளம் தனிப் பேஸ். மாடிப்படிப் பல்பு இரண்டும் பெட்ரூம் பல்பும் இதனால்தான் போயின.

வயர்மேன் நுனியை நறுக்கி, எமரி தாள் போட்டுத் தேய்த்து, பைமெட்டல் லக் (அலுமினியத்தையும் வேறு உலோகத்தையும் இணைக்கும் முனை) வைத்து அழுத்தி கிரிம்ப் செய்திருக்கிறார். சரியான வேலை. ஒன்று மட்டும்: மூட்டில் ஆக்சைடு தடுக்கும் பேஸ்ட் பூசினாரா என்று கேளுங்கள், கடலோரத்தில் அது இல்லாமல் இரண்டு வருஷத்தில் திரும்பப் பொடி பூக்கும். சாதாரண கிரீஸ் பூசக் கூடாது.

பாத்ரூம் பல்பு மட்டும் மிச்சம். மூடியைக் கழற்றிய படத்தில் அலுமினியத் தட்டின் ஓரம் வெள்ளையாக இருக்கிறது, ஈரம் உள்ளே போயிருக்கிறது. அங்கே ரப்பர் வாஷர் உள்ள பல்க்ஹெட் லைட் (ஈரம் புகாமல் மூடிய விளக்கு) போடுங்கள்.

இனி போடும் ஒவ்வொரு பல்பின் கழுத்திலும் மார்க்கர் பேனாவால் மாட்டிய தேதியை எழுதிவிடுங்கள். பில்லை டிபி பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள், தெர்மல் தாளில் எழுத்து மறையும் என்பதால் ஒரு நகலோடு. மேல் தளத்துப் பல்புகளை ஏப்ரலில் ஒரு தடவை பாருங்கள், மோட்டார் ஓடும்போது.